கொடைக்கானல்: மிஷனரி கடிதங்கள் நிறைந்த பழைய டிரங்குப் பெட்டி, எங்கே தொடங்குவது?

மலைச்சாரல்:
எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழுள்ள சபை வட்டாரம்) அமெரிக்கன் மதுரை மிஷன் (மதுரைப் பகுதியில் வேலை செய்த அமெரிக்க கிறிஸ்தவ மிஷன்) மிஷனரி ஒருவரின் தகரப் பெட்டி இருக்கிறது. 1870களிலிருந்து 1930கள் வரையான கடிதங்கள், டயரிகள், டைப் அடித்த நகல்கள். குண்டூசிகள் துருவேறியிருக்கின்றன, சில கட்டுகளில் பூஞ்சை. வருட வாரியாகப் பிரித்து லாமினேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

ஏட்டுக்கட்டு:
லாமினேஷன் வேண்டவே வேண்டாம் சார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால் தாளும் சேர்ந்து வரும். செலோடேப்பும் கூடாது.

முதலில் பூஞ்சை. மெல்லிய தூரிகையால் தொட்டால் பிசுபிசுவென்று இழுபடுகிறதா? இன்னும் வளர்கிறது. பொடியாக உதிர்கிறதா? அடங்கிவிட்டது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் அடங்கியதும் கிளம்பிவிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியைத் திறக்காதீர்கள். தை முதல் பங்குனிக்குள் வேலையை முடிக்கப் பாருங்கள். வெயிலில் காயவைத்தால் மை வெளுக்கும், தாள் மொறமொறத்துப் போகும். காற்றோட்டமான அறையில் நிழலில் உலர்த்தி, மாஸ்க் போட்டு, பூஞ்சைப் பொடி உங்கள் மேல் வராதபடி எதிர்ப்பக்கமாகத் துடையுங்கள்.

துருவேறிய ஊசியை இழுக்காதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டை இருபுறமும் செருகி, ஊசி தாளிலிருந்து விடுபட்ட பிறகே நிதானமாக உருவ வேண்டும். மடிப்பை நீக்க அயர்ன் பெட்டியும் வேண்டாம், நீராவியும் வேண்டாம். அந்தக் காலத்துப் பழுப்பு மையில் இரும்பும் அமிலமும் உண்டு. ஈரம் பட்டால் அமிலம் பரவி எழுத்து இருக்கும் இடமே ஓட்டையாகிவிடும்.

பசுமலை_ஆவணம்:
வருட வாரியாகப் பிரிப்பதையும் நிறுத்துங்கள், தயவுசெய்து. எந்தக் கடிதம் எந்தக் கட்டில், எந்த உறையில் இருந்தது என்பதே பாதி வரலாறு. முதலில் கட்டுக்கு எண் போட்டு, உள்ளிருக்கும் வரிசையிலேயே ஸ்கேன் செய்யுங்கள்: கலரில், 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற துல்லிய அளவு), டிஃப் (TIFF) படக் கோப்பாக. வெங்காயத்தோல் போன்ற மெல்லிய தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் மறுபக்க எழுத்து தெரியாது. தபால்தலைக்காக உறையை வெட்டவிடாதீர்கள். முத்திரைத் தேதி அதில்தான் இருக்கிறது.

டைப் நகல்கள் கார்பன் காப்பிகளாக இருக்கும். மூலம் அமெரிக்காவுக்குப் போயிருக்கும். மிஷனின் தாய்ச் சங்கத்துக்கு அனுப்பியவை ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. குடும்பக் கடிதங்கள் அங்கே இருப்பது அபூர்வம், ஆகவே உங்கள் பெட்டியில் அவைதான் பொக்கிஷம்.

மலைச்சாரல்:
நன்றி ஐயா. சில கடிதங்களில் தேதி இல்லை. ஒரே பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகவும் எழுதியிருக்கிறது, படிக்கவே முடியவில்லை.

குறிஞ்சி_மேடு:
தபால்கூலி எடைக்கு ஏற்ப என்பதால் எழுதிய பக்கத்தையே திருப்பி மேலே எழுதுவார்கள். ஸ்கேனை அப்படியே ஒரு முறையும், 90 டிகிரி திருப்பி ஒரு முறையும் படியுங்கள். எந்த வரி பின்னால் எழுதியதோ அதன் மை மேலே ஏறியிருக்கும்.

தேதிக்குத் துப்பு ஊர்ப்பெயரில் கிடைக்கும். மிஷன்காரர்கள் 1845இல் இங்கே கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் பங்களாக்களைக் கட்டியதிலிருந்து கோடையில் மலையேறுவது வழக்கம். மற்ற மாதங்களில் திருமங்கலம், பட்டலகுண்டு (வத்தலகுண்டு) என்று கீழே இருந்துதான் எழுதுவார்கள். மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து டோலியில் (ஆட்கள் தூக்கிச் செல்லும் நாற்காலி) ஏறியதாக வந்தால் மோட்டார் ரோட்டுக்கு முந்தியது. தாளின் தலைப்பில் தென்னிந்திய ஐக்கிய சபை என்றிருந்தால், அந்தச் சபை உருவான 1908க்குப் பிந்தியது.

அச்சிடுவதாக இருந்தால் ஒன்று: பெட்டி சபையுடையதாக இருந்தாலும் காப்புரிமை எழுதியவரின் வாரிசுகளுக்கே. முதலில் அவர்களிடம் எழுதி அனுமதி வாங்குங்கள்.