டியோரின் 'பார்' உடை: ஸ்கெட்ச்சில் இருக்கும் இடுப்பு தைத்தால் வரவில்லை

கேள்வி: 1947 பிப்ரவரியில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் டியோர் பாரிஸில் காட்டிய 'பார்' உடையின் (ஒடுங்கிய இடுப்பு ஜாக்கெட்டும் அகலப் பாவாடையும்) ஸ்கெட்ச்சைப் பார்த்து ஜாக்கெட் தைக்கிறேன். இடுப்புக்குக் கீழே விரிந்து நிற்காமல் தொங்குகிறது. இடுப்பும் ஒடுங்கவில்லை. எங்கே பிசகு?

பதில் 1: ஸ்கெட்ச்சில் அளவு எடுக்காதீங்க. ஃபேஷன் ஓவியத்தில் உடம்பு ஒன்பது தலை உயரம் இருக்கும், நிஜத்தில் ஏழரைதான். முதலில் காடாத்துணியில் தைத்து, போட்டுப் பார்த்துத் திருத்துங்க. பாரிஸ் தையலகங்களிலும் அதுதான் வழக்கம். பட்டில் கத்திரி வைப்பது கடைசியில்தான்.

பதில் 2: உள்ளே தாங்கல் இல்லாததால் தொங்குகிறது. ஒரிஜினல் ஜாக்கெட்டிலேயே இடுப்பெலும்புப் பக்கம் பேடிங் உண்டு. பஞ்சுப் பட்டையை மூன்று அடுக்கா வையுங்க, ஒவ்வொரு அடுக்கும் 1.5 செ.மீ. சின்னதா. ஓரம் மெலியலைன்னா விளிம்பு வெளியே தெரியும். கான்வாஸை (உள்ளே வைக்கும் விறைப்புத் துணி) கையால் சாய்தையல் போட்டுப் பிடிங்க. இஸ்திரி போட்டு ஒட்டும் பசை கான்வாஸ் அட்டை மாதிரி மடியும். இடுப்புத் தையலுக்கு விட்ட துணியில் 1 செ.மீ.க்கு ஒரு வெட்டு கொடுங்க, தையலுக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்தி. இல்லாட்டி இழுத்துச் சுருக்கம் விழும்.

பதில் 3: இடுப்புக்காக ஜாக்கெட்டை இறுக்காதீங்க, பட்டன் இழுக்கும். உள்ளே கெட்டி நாடா ஒன்றை இடுப்பளவைவிட 2 செ.மீ. குறைத்து, தையல் மூட்டுகளில் மட்டும் பிடித்து, முன்னால் கொக்கி வையுங்க. இறுக்கத்தை நாடா வாங்கிக்கொள்ளும்.