“எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?” – கவுண்டரில் நடந்ததை எழுதுங்கள் (மலைக்காரர்களுக்கான இழை)

குன்னூர் தேயிலைக் கடை

பில் போடும்போது போன் நம்பர் வாங்கி, வாடிக்கையாளர் விவரங்களை வைக்கும் சிஆர்எம் மென்பொருளில் ஏற்றுவது இங்கே எல்லோரும் செய்வதுதான். மே மாதம், மலர்க்காட்சிக் கூட்டம். வரிசையில் ஒரு பெரியவர். “எங்க கடை எப்படி சார் தெரியும்?” என்று பையன் கேட்டான். அவர் பதில் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். எங்கள் பழைய தூள் பாக்கெட்டின் முன்பக்கம். அப்பா காலத்து அச்சு. பச்சை வெளுத்து மஞ்சளாகிவிட்டது, கீழே இப்போது புழக்கத்தில் இல்லாத தரைவழி எண். அந்தக் காலத்தில் அப்பா அவருக்கு வி.பி.பி.யில் (பார்சல் கைக்கு வந்ததும் தபால்காரரிடம் பணம் கட்டும் முறை) தூள் அனுப்புவாராம்.

பையன் திரையைப் பார்த்தான். கூகுள், இன்ஸ்டாகிராம், டிரைவர், நண்பர், போர்டு. எதைத் தட்டுவது என்று என்னைப் பார்த்தான். கடைசியில் ‘மற்றவை’. நம்பர் புதிது என்பதால் ‘புதிய தொடர்பு’ என்று ஏறிவிட்டார். கடையின் ஆகப் பழைய வாடிக்கையாளர் அந்த மாத வளர்ச்சிக் கணக்கில் புது ஆள்! இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

வட்டக்கானல் ஹோம்ஸ்டே

எங்களுக்கு நடந்தது நேர்மாறு. உங்கள் சிஆர்எம் முழித்தது. எங்களுடையது அடித்துச் சொன்னது, பொய்யை.

பூஜை விடுமுறைக்கு மதுரையிலிருந்து ஒரு பாட்டி குடும்பத்தோடு வந்தார். முன்பதிவு பாட்டி பெயரில், பாட்டி நம்பரில். எந்த வழியாக வந்தார் என்று காட்டும் ‘மூலம்’ கட்டத்தில்: இன்ஸ்டாகிராம். சாவி கொடுக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை, “பாட்டி, நீங்க இன்ஸ்டால இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் போனை அப்படியே நீட்டினார். மூலையில் விரிசல் விட்ட திரை, குடும்ப வாட்ஸ்அப் குழு, காலை வணக்கம் படங்களுக்கு நடுவே எங்கள் இணைப்பு. அதன் வாலில் யுடிஎம் சோர்ஸ் இன்ஸ்டாகிராம் என்று தொங்குகிறது, ஆள் எங்கிருந்து வந்தார் என்று தெரிய நாங்களே ஒட்டிய குறி. சென்னைப் பேத்தி எங்கள் பயோவிலிருந்த இணைப்பைத் திறந்து, முகவரியை அப்படியே எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறாள். அதை யார் தட்டினாலும் எங்கள் கணக்கில் இன்ஸ்டாகிராம்தான். வால் இல்லாமல் போட்டிருந்தால் பெரும்பாலும் ‘டைரக்ட்’, அதாவது யார் வழியாகவும் இல்லாமல் நேராக வந்தவர் என்று விழுந்திருக்கும், அதுவும் பொய்தான்.

சரி, உண்மையில் யார் சொல்லி வந்தார்கள்? “பேத்தி சொன்னா வந்துருவமா? பக்கத்து வீட்டு டீச்சர் இங்க தங்கிட்டுப் போயி, வெந்நி நல்லா வருதுன்னு சொன்னாங்க.” வெந்நீர்! நாங்கள் போடும் படங்கள் முழுக்க டால்பின் நோஸும் மூடுபனியும்.

ஊட்டி, கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டது. எந்த வண்டி, எத்தனை பேர், எங்கே தங்குகிறார்கள் என்பதெல்லாம் அரசாங்கத்திடம் பக்காவாக இருக்கிறது. நாம்தான் பாட்டி போனை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊட்டி ஃப்ரண்ட் ஆபீஸ்

ஓட்டல் பெயர் வேண்டாம். பழைய விருந்தினர் பதிவேடுகளையெல்லாம் எக்செல்லில் அடித்து சிஆர்எம்மில் ஏற்றச் சொன்னார் மேனேஜர். ஏற்றிய தேதியே எல்லோருக்கும் ‘உருவாக்கிய தேதி’ ஆகிவிடும் என்று அப்போதே சொன்னேன், காதில் வாங்கவில்லை. மாதக் கூட்டத்தில் பெரிய டிவியில் கோடு நெட்டுக்குத்தாக ஏறி நிற்கிறது. முதலாளிக்குச் சந்தோஷம், எல்லோருக்கும் வர்க்கி வாங்கிவரச் சொன்னார். சூடான வர்க்கி, டீ. யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த படத்துக்கு வந்தார், எந்த வழியாக வந்தார்கள் என்ற வட்டப் படம். கிட்டத்தட்ட முழு வட்டமும் ஒரே நிறம், ‘ஆஃப்லைன்’.

“ஆஃப்லைன்னா எந்த ஊர்யா?”

மேனேஜர் கண்ணிமைக்காமல், “வெளியூர் சார்” என்றார்.

அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

வட்டக்கானல் நண்பருக்கு ஒன்று. நீங்கள் சொல்வதில் பாதிதான் சரி. பேத்தி இணைப்பைப் போடாமல் இருந்தால் டீச்சர் சொன்னது சொன்னதோடு போயிருக்கும். இன்ஸ்டாகிராமுக்குப் பாதி மார்க்காவது கொடுங்கள்.

வட்டக்கானல் ஹோம்ஸ்டே

பாதி மார்க் போட எங்கள் சிஆர்எம்மில் கட்டம் இல்லையே நண்பரே. பேத்தி லைக் போட்டாள், பணம் கட்டியது பாட்டி.

கோத்தகிரி டு கோவை

என் அனுபவம் சின்னது. கோத்தகிரியில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்த்தபோது ஒரே ஆள் சிஆர்எம்மில் மூன்று பேராக இருந்தார். நம்பருக்கு முன்னால் +91 போட்டு ஒருவர், 0 போட்டு ஒருவர், முன்பதிவுத் தளம் கொடுத்த மாற்று மின்னஞ்சலில் ஒருவர். பிறந்தநாள் வாழ்த்து மூன்று போனது. மூன்றுக்கும் தனித்தனியாக நன்றி அனுப்பினார், நல்ல மனிதர்.

ஆனால் மேலே எழுதியிருப்பதையெல்லாம் படித்தபின் சிலதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில், நம்பரை ஒரே வடிவில் வாங்குங்கள். பல சிஆர்எம்கள் மின்னஞ்சலை வைத்துத்தான் இரட்டைப் பதிவைத் தானாகப் பிடிக்கும். நம் ஊரில் மின்னஞ்சல் கொடுப்பவர் எத்தனை பேர்? போன் நம்பரை வைத்து நீங்களேதான் தேட வேண்டும்.

ஊட்டி நண்பர் கவனிக்க: பழைய பட்டியலை ஏற்றும்போது ‘முதலில் வந்த தேதி’ என்று தனிக் கட்டம் வைத்து, வளர்ச்சிக் கோட்டை அதை வைத்துப் போட வேண்டும். ஹப்ஸ்பாட் என்ற சிஆர்எம்மில் இறக்குமதி செய்த தொடர்புகள் வழக்கமாக ‘ஆஃப்லைன்’ மூலத்தில்தான் விழும், அது கோளாறு இல்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். மூலத்துக்கும் இரண்டு கட்டம் வையுங்கள். இயந்திரம் பிடித்தது ஒன்று, விருந்தினர் வாயால் சொன்னது ஒன்று. ஒன்றின்மேல் ஒன்றை எழுதாதீர்கள். பாட்டி, பேத்தி சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

யுடிஎம்மைச் சின்ன எழுத்தில் மட்டும் எழுதுங்கள். இணையதளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ், பெரிய எழுத்து ‘ஐ’யில் தொடங்கும் இன்ஸ்டாகிராமையும் சின்ன எழுத்து இன்ஸ்டாகிராமையும் வேறு வேறாக எண்ணும். கூகுள் மேப்பில் உங்கள் கடைக்குக் கீழே இருக்கும் இணையதள இணைப்புக்கும் தனியாக ஒரு வால் போடுங்கள், இல்லாவிட்டால் சாதாரணத் தேடலோடு கலந்துவிடும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, நம்பரை எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்டு வாங்குவது நல்லது. கடைசியாக, மூலம் என்ற கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள். நிரப்பாமல் பில் போகக் கூடாது.

கவுண்டர் அக்கா

கோவை சார், நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது. கட்டாயக் கட்டம் தெரியும். அதோடு ஒரு சீசன் முழுக்க மல்லுக்கட்டினேன்.

பேருந்து ஒன்று வந்து நிற்கும். ஒரு கூட்டமே இறங்கி சாக்லேட் கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்கும். கரண்ட் போகும், வரும். ஒரு குழந்தை தைலப் புட்டியைத் திறந்துவிடும். கைடு வாசலில் நின்று “பஸ் கிளம்புது” என்று கத்துவார். அந்த நேரத்தில் “எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?” என்று ஒவ்வொருவரையும் கேட்கச் சொல்கிறீர்கள். பில் போக வேண்டுமே, பட்டியலில் முதலில் இருப்பதைத் தட்டுவோம். எங்கள் பட்டியலில் முதலில் இருந்தது ‘விளம்பரப் பலகை’. மாதக் கடைசியில் பலகைதான் முதலிடம். மேட்டுப்பாளையம் சாலையில் இருந்த அந்தப் பலகைக்கு முதலாளி மறுபடியும் வாடகை கட்டினார். கட்டிவிட்டு என்னிடம், “பார்த்தியாமா, போர்டு எப்படி வேலை செய்யுது” என்றார்.

பேருந்தைக் கூட்டிவருவது டிரைவரும் கைடும்தான். அது கடையில் எல்லோருக்கும் தெரியும், கமிஷன் கொடுக்கும் முதலாளிக்கும் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் டிரைவர் என்று ஒரு வரி இல்லை, வைக்கவும் விடமாட்டார். காலியாக விட அனுமதித்திருந்தால் ‘தெரியவில்லை’ என்றாவது நேர்மையாக இருந்திருக்கும்.

கோத்தகிரி டு கோவை

அப்படியானால் பட்டியலின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறும்படி...

கவுண்டர் அக்கா

சார், மே மாதம் ஒரு நாள் வந்து நின்று பாருங்கள்.

பூம்பாறை பூண்டு

நான் மலைப்பூண்டு கூரியரில் அனுப்புகிறவன். 2019இல் நம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர் அழைப்புகள் வருகின்றன. சிஆர்எம் எல்லாம் இல்லை, நோட்டுதான். பெயருக்குப் பக்கத்தில் யார் சொல்லி வந்தார் என்று எழுதிவைப்பேன். ‘திருப்பூர் அக்கா’ என்று ஒருவர், அவர் பெயரைத் தொடர்ந்து பக்கம் பக்கமாக ஆட்கள். அந்த அக்கா இதுவரை என்னிடம் கால் கிலோவுக்கு மேல் வாங்கியதில்லை. போன வாரம் கூப்பிட்டு, தனக்கு ஏதாவது விலை குறைத்துத் தரக்கூடாதா என்று கேட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்த பிறகு இல்லை என்று சொல்ல முடியவில்லை.

இங்கே டவர் சரியாக எடுக்காது. நெட் இல்லாமலும் மொபைலில் ஓடுகிற, யார் சொல்லி யார் வந்தார் என்று இப்படிக் கோத்துக் காட்டுகிற இலவச ஆப் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.