குழல் சூடானதும் குறி விலகும் பழைய ரைஃபிள்

.30-06 அளவுத் தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் கையால் தாழை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை), 1960-களில் செய்த வேட்டைத் துப்பாக்கி. வால்நட் மரக்கட்டை, மெல்லிய குழல். 100 மீட்டரில், குழல் குளிர்ந்திருக்கும்போது முதல் மூன்று குண்டுகள் ஓர் அங்குலத்துக்குள் ஒட்டி விழுகின்றன. நான்காவதிலிருந்து மேலேயும் வலப்பக்கமுமாக நகர்ந்து, ஐந்தாவது நான்கு அங்குலம் தள்ளிப் போகிறது. ஆறவிட்டுச் சுட்டால் மறுபடியும் பழைய இடம்! சென்ற மழைக்காலத்துக்குப் பிறகுதான் இந்தத் தொல்லை.

ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, மாற்றிப் பார்த்தேன். அதன் பிடித் திருகுகளையும், கட்டையின் அடித்திருகுகளையும் இறுக்கினேன். குண்டுகள் உரசிக் குழலில் படிந்த செம்பை, கரைப்பான் தொட்ட துணியில் நீலக்கறை வருவது நிற்கும்வரை துடைத்தாயிற்று. 150, 180 கிரெயின் என இரண்டு எடைக் குண்டுகளிலும் அதே கதை. மணல் மூட்டைமேல் வைத்துத்தான் சுடுகிறேன். கைநடுக்கத்தின்மேல் பழி போட வழியில்லை.

ஒன்று கண்ணில் பட்டது. தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே முனையிலிருந்து ஒரு தாளை நுழைத்தால், வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது. இடப்பக்கம் இரண்டு விரற்கடையிலேயே சிக்கிக்கொள்கிறது. ஈரத்தில் மரம் முறுக்கியிருக்க வேண்டும். ஆனால் அக்காலக் கட்டைகள் பலவற்றில் குழலைத் தாங்குவதற்கென்றே முனையில் ஒரு மேடு விட்டிருப்பார்கள். செதுக்கிவிட்டால் திரும்ப ஒட்டவா முடியும்?

அந்த மேட்டைச் செதுக்கிக் குழல் எங்கும் உரசாமல் விடுவதா, மேட்டைத் தொடாமல் ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இரும்புப் பகுதி) உட்காரும் குழிக்கு எபாக்சிப் பிசின் இடுவதா, எதை முதலில் செய்வது?