கலரா இருந்தாதான் அழகுன்னு சயின்ஸே சொல்லுதா?

பினாங்கு_அக்கா:
போன வாரம் பட்டர்வொர்த்ல சொந்தத்துல ஒரு நிச்சயதார்த்தம், அங்க ஒரு அத்த என் தங்கச்சிய பாத்து "முகவெட்டு நல்லாத்தான் இருக்கு, கலர்தான் கம்மி"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. அவளுக்கு 17 வயசு, வீட்டுக்கு வந்ததும் ரூம்ல போய் படுத்தவதான். அவங்க மகன் வேற, வெள்ளத்தோல் பிடிக்கிறது மனுஷனோட பரிணாமத்துலயே இருக்காம், ஆராய்ச்சி இருக்காம். உண்மையா? அவகிட்ட நான் ஏதாச்சும் சொல்லியாகணும்.

செமினி_வாசி:
இல்லம்மா, அவரு அரைகுறையா படிச்சிருக்காரு. முக அழகு பத்தின ஆராய்ச்சில அதிகம் பேசப்படுறது முகத்தோட ரெண்டு பக்கமும் ஒத்துப்போறது, அப்புறம் சராசரி அமைப்பு. 1990ல லாங்லோய்ஸ், ராக்மேன்னு ரெண்டு பேரு 32 பேர் போட்டோ வரைக்கும் கம்ப்யூட்டர்ல ஒண்ணா கலந்தாங்க, கலந்து வந்த முகம்தான் தனித்தனி முகங்கள்ல முக்கால்வாசிய விட அழகுன்னு பாத்தவங்க சொன்னாங்க. ஏன்னுதான் இன்னும் சண்ட, நோயில்லாத உடம்போட அடையாளம்னு சிலர், பழகின அமைப்ப மூளை சுலபமா புரிஞ்சுக்குது அதான் பிடிக்குதுன்னு சிலர்.

தோல்னு கேட்டீங்கன்னா, எங்க ஊருல இருக்கிற நாட்டிங்ஹாம் யுனிவர்சிட்டியோட மலேசியா கேம்பஸ்லயே ஆராய்ச்சி நடந்து 2015ல வெளிவந்துச்சு. ஸ்டூடண்ஸ்க்கு 6 வாரம் தினமும் பழம் காய்கறி ஸ்மூதி குடுத்தாங்க, கேரட்ல எல்லாம் இருக்குமே கரோட்டினாய்டு, அது தோல்ல சேந்து லேசா மஞ்சள் கூடுச்சு. அந்த மாதிரி மஞ்சள் கூடினா பாக்கிறவங்க கண்ணுக்கு ஆரோக்கியமா தெரியுதுன்னு வேற ஆராய்ச்சிங்களும் சொல்லுது. அது வெள்ளையாகுறது இல்ல லா.

பிரிக்பீல்ட்ஸ்_டீச்சர்:
மேல சொன்ன 'பழகின' விஷயத்த தங்கச்சிக்கு நல்லா புரிய வைங்க, எனக்கு அதுதான் பெரிசா படுது. 2003ல ஆஸ்திரேலியால கில்லியன் ரோட்ஸ் குழு, அமைப்ப கொஞ்சம் இழுத்து நசுக்கின முகங்களா சில நிமிஷம் காட்டிட்டு அப்புறம் எது அழகுன்னு கேட்டாங்க, அந்த மாதிரி இழுத்து நசுக்கின அமைப்புக்குக் கிட்ட வர்ற முகமே அழகா தெரிய ஆரம்பிச்சிருச்சு. சில நிமிஷத்துக்கே இப்படின்னா, பொறந்ததுலருந்து சீரியல்லயும் விளம்பரத்துலயும் வெள்ள முகமாவே பாத்து வளந்த அந்த அத்த கண்ணு எப்படி பழகிருக்கும்?

இன்னொண்ணு, இந்த மாதிரி பேச்சு கேட்ட பிள்ளைங்க நேரா க்ரீம் வாங்கத்தான் போகுது, என் கிளாஸ்லயே பாத்திருக்கேன். சில க்ரீம்ல பாதரசம் இருக்கு, கிட்னிய கெடுக்கும். டப்பால நோட்டிபிகேஷன் நம்பர், அதாவது அரசாங்கத்துல பதிவு பண்ண நம்பர், இருக்கான்னு பாருங்க.

பினாங்கு_அக்கா:
டீச்சர், இப்பதான் அவ மேசைய பாத்தேன். ஒரு டப்பா இருக்கு, நம்பரே இல்ல, பாதி காலி. எழுப்பி பேசப் போறேன்.