பழைய பிளொப்பி வட்டுகளைப் படிக்க உதவி தேவை

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். அப்பா தட்டச்சுக் கடை நடத்திய காலத்து 3.5 அங்குல பிளொப்பிகள் 11 கிடைத்திருக்கின்றன. திருவிழா நோட்டீசுகளும் அவர் எழுதிய கடிதங்களும் அவற்றில்தான் இருக்கின்றன.

பழைய கணினியில் பிளொப்பியை வாசிக்கும் டிரைவைப் பொருத்தியபோது அதன் விளக்கு அணையவே இல்லை. நாடா வயரைத் தலைகீழாகச் செருகியிருந்தேன். திருப்பிச் செருகியதும் சரியானது. ஆனால் இரண்டாவது வட்டில் கரகரவென்று சத்தம். மூடியை நகர்த்திப் பார்த்தால் தகட்டில் வட்டமாக ஒரு கீறல்! அப்பா இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார். டிரைவின் வாசிக்கும் முனையில் நம் ஊர்ச் செம்மண் தூசோ வட்டின் பூஞ்சணமோ ஒட்டியிருக்க வேண்டும். மிச்சம் 9 வட்டுகளை இன்னும் தொடவில்லை.

ஐசோபுரொப்பைல் அல்ககோல் தோய்த்த பஞ்சால் முனையை நானே துடைக்கலாமா? பூஞ்சணம் பிடித்த வட்டை எப்படிச் சுத்தம் செய்வது? பரந்தனுக்கும் வவுனியாவுக்கும் இடையில் யாரிடமாவது யூஎஸ்பி பிளொப்பி டிரைவ் இருந்தால் சொல்லுங்கள், பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.