மாங்கூழ் போர்டுக்குத் தடித்த சாய்வெழுத்து: எந்த ஃபாண்ட் எடுக்கலாம்?

காவேரிப்பட்டணம் பிளெக்ஸ்:
கிருஷ்ணகிரியில் பெங்களூர் ரோட்டோரம் ஒரு மாங்கூழ் கம்பெனிக்கு 20 அடிக்கு 8 அடி போர்டு. ‘கிருஷ்ணகிரி தோதாபுரி மாங்கூழ்’ என்ற வரி கனமாக, சாய்ந்து, ஓடுகிற மாதிரி வேண்டுமாம். இங்கிலீஷ் பேர் ஏற்கெனவே போல்டு இட்டாலிக். தமிழை கோரல் டிரா மென்பொருளில் 18 டிகிரி சாய்த்துக் காட்டினேன். “எழுத்து ஓடலப்பா, விழுது” என்கிறார் ஓனர். சாய்வாகவே வரைந்த, தடித்த தமிழ் ஃபாண்ட் இருக்கிறதா? இலவசமென்றால் நல்லது.

மத்தூர் வாசகன்:
கூகுள் ஃபாண்ட்ஸில் கவிவாணர் இருக்கு. சாய்ந்த எழுத்துதான்.

தர்மபுரி பிரஷ்:
கவிவாணர் தாரிக் அசீஸ் வரைந்தது. எனக்குப் பிடித்த எழுத்துதான், ஆனால் ஒரே கனம், கையெழுத்துச் சாயல். அழைப்பிதழுக்கு அழகு, 20 அடி போர்டில் மெலிந்து தெரியும். கனத்துக்கு பலூ தம்பி, அனேக் தமிழ் உண்டு. இரண்டிலும் சாய்வு கிடையாது. ஆகவே தம்பி, கையை வைத்துத்தான் ஆகணும்.

கோரல் சாய்க்கும்போது உயரத்துக்குத் தக்கபடி எல்லாவற்றையும் வலப்பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். வட்டம் முட்டையாகிவிடும். மேல் வலதும் கீழ் இடதும் தடிக்கும், மேல் இடதும் கீழ் வலதும் இளைக்கும். இங்கிலீஷில் நேர்கோடு அதிகம், ஓரளவு தாங்கும். நமக்கு எங்கே பார்த்தாலும் சுழி. உங்கள் ‘ண’வைப் பெரிதாக்கிப் பாருங்கள்: உள்ளே இருக்கிற வெள்ளை நசுங்கியிருக்கும், கனமான எழுத்தில் இன்னும் மோசம்.

வெனிஸில் ஆல்டஸ் மானுட்டியஸ் என்ற அச்சகர் 1501-இல் இட்டாலிக்கில் புத்தகம் போட்டபோது, அந்த அச்சை வெட்டிய கிரிஃபோ நின்ற எழுத்தைச் சாய்க்கவில்லை. அன்றைய கையெழுத்தைப் பார்த்து வெட்டினார். நல்ல இட்டாலிக்கில் இன்றும் a, f உருவமே மாறும். தமிழ் அச்சில் நின்ற எழுத்துக்கு அப்படி ஒரு சாய்ந்த ஜோடி வளரவில்லை, அழுத்திச் சொல்லத் தடித்த எழுத்தோடு நிறுத்திக்கொண்டோம். சாய்வுக்கு நம் மாதிரி லாரி பாடியில் மட்டப் பிரஷ்ஷில் எழுதுகிறவர் கைதான். சுழியில் பிரஷ்ஷைத் திருப்பிக் கனத்தைக் குறைப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இப்போதைக்கு: அனேக் தமிழில் அகலமான வடிவம் எடுங்கள், உள்வெள்ளை பிழைக்கும். சாய்வு 8, 9 டிகிரி போதும். எழுத்தைக் கர்வாக (கோட்டை இழுத்துத் திருத்தக்கூடிய வடிவமாக) மாற்றி, சாய்த்ததில் தடித்த வளைவுகளைச் செதுக்குங்கள். ‘ஷ்’, ‘ழ்’ புள்ளிகளை அழித்துவிட்டு உருண்டையாகப் புதிதாக வையுங்கள், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி. இல்லாவிட்டால் ‘ஷ்’ புள்ளி ‘ண’ தலைமேல் உட்காரும். ‘கி’க்கும் ‘ரு’வுக்கும் நடுவே இடைவெளி கூட்டுங்கள். ஓனர் மொபைலில் பார்த்து ஓகே சொல்வார். படிக்க வேண்டியவர் ஓடுகிற பஸ்ஸில் இருக்கிறார்.

மத்தூர் வாசகன்:
இவ்வளவு வேலைக்கு நேராகவே வைத்து, பின்னால் வேகக்கோடு நாலு இழுத்துவிடலாமே அண்ணா?

தர்மபுரி பிரஷ்:
இழுக்கலாம். டயர் கடை போர்டாக இருந்தால்.

காவேரிப்பட்டணம் பிளெக்ஸ்:
9 டிகிரியில் ‘கிருஷ்ணகிரி’ நிமிர்ந்துவிட்டது அண்ணா, நன்றி. ‘மாங்கூழ்’தான் இன்னும் அடைசலாக இருக்கிறது.

தர்மபுரி பிரஷ்:
‘கூ’ வாலும் ‘ழ்’ வாலும் கீழே முட்டும். ‘கூ’ வாலைச் சுருக்குங்கள், ‘ழ்’ மேல் கைவைக்காதீர்கள். கறுப்பு அவுட்லைன் போடுவதாக இருந்தால் வெளிப்பக்கம் மட்டும். உள்ளே போனால் ‘ங்’ அடைத்துக்கொள்ளும்.