தண்ணீர் நிறையக் குடித்தும் கெண்டைக்கால் இழுக்கிறது, ஏன்?

சைட்_ராணிப்பேட்டை:
வீடு கட்டும் வேலை. சென்ட்ரிங் ஆட்கள், கம்பி கட்டுகிறவர்கள், சித்தாள் எல்லாம் சேர்த்து 12 பேர். 20 லிட்டர் கேன் தினம் நாலைந்து காலியாகிறது. ஆனாலும் மூன்று மணிக்கு மேல் இரண்டு மூன்று பேருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது, தலைவலியும் வருகிறது. இன்னும் தண்ணீர் வாங்கி வைக்க வேண்டுமா? ஓஆர்எஸ் கொடுக்கலாமா?

உப்புக்கல்:
கணக்குப்படி தண்ணீர் குறைவில்லை சார், உப்புதான் இடிக்கிறது. அக்னி வெயிலில் கம்பி கட்டுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை சாதாரணமாகப் போகும். லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் உப்பு அதோடு போய்விடும். ஆளுக்கு ஆள் மாறும்; சட்டை காய்ந்ததும் வெள்ளைவெள்ளையாகப் பூத்திருந்தால் அவருக்கு அதிகம் போகிறது. அதை வெறுந்தண்ணீராலேயே ஈடுகட்டினால் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச்சத்து, நீர்த்துவிடும்.

பத்தரைக்கு ஒருமுறை, இரண்டரைக்கு ஒருமுறை நீர்மோர் கொடுங்கள். ஒரு வேளைக்கு: தயிர் 1 லிட்டர், தண்ணீர் 4 லிட்டர், தூளுப்பு தலைதட்டி 2 டீஸ்பூன். கல்லுப்பை ஸ்பூனில் அளந்தால் இடைவெளி விழுந்து குறைந்துவிடும், 10–12 கிராம் நிறுத்துப் போடுங்கள். காலையிலேயே மொத்தமாகக் கரைத்து வைத்தால் மதியம் புளித்து நுரைக்கும், ஒருவரும் தொட மாட்டார்கள். தயிரைக் குளிர்பெட்டியில் வைத்து அவ்வப்போது கரைப்பதுதான் சரி. கடை ஐஸை மோருக்குள் போடாதீர்கள், மீன் பெட்டிக்கும் அதே ஐஸ்தான்.

இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. இந்த இழுப்புக்கு அது மட்டும் போதாது. காலையில் உப்புப் போட்ட நீராகாரமும் பழைய சோறும் அதைவிட மேல்.

மருந்துக்கடை:
ஓஆர்எஸ் கொடுக்கலாம், கலக்குவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெரிய பாக்கெட் முழுசும் ஒரு லிட்டருக்கு. பாதியை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடும். குழந்தைக்கு அது ஆபத்து. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, உறையைப் படித்துவிட்டுப் பிரியுங்கள். சோடா, ஜூஸில் கலக்கக் கூடாது, கூடுதல் சர்க்கரையும் வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எல்லாம் தலைதட்டி. அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானத்தை இதற்குப் பதிலாக எடுக்க வேண்டாம். பிபி, சிறுநீரகம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும்.

சைட்_ராணிப்பேட்டை:
நன்றி சார். உப்பு மாத்திரை கொடுத்தால் சுலபம் என்கிறார் மேஸ்திரி. அப்புறம் சித்தாள்கள் தண்ணீரே குடிப்பதில்லை, ஆண்கள்தான் கேனைக் காலி செய்கிறார்கள்.

உப்புக்கல்:
மாத்திரை வேண்டாம், குமட்டும். மோரே போதும். தண்ணீரோ மோரோ, வேளைக்கு அரை லிட்டர் மொடாக் மொடாக்கென்று இறக்காமல், 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர்; மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது.

சித்தாள்கள் குடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் கழிப்பிடம். கதவும் தாழ்ப்பாளும் உள்ள தற்காலிகக் கழிப்பறை ஒன்று போட்டுப் பாருங்கள், பிறகு கேன் கணக்கே மாறும். சிறுநீர் எலுமிச்சைச் சாற்று நிறத்தில் இருந்தால் சரி, டீ டிக்காக்ஷன் நிறம் என்றால் நிழலுக்கு அனுப்புங்கள். (பி காம்ப்ளக்ஸ் போட்டவருக்கு எப்படியும் மஞ்சளாகத்தான் போகும்.)

புதிதாக வரும் ஆளை முதல் நாளே முழு நேரம் வெயிலில் விடாதீர்கள். வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு தினம் அதே அளவு கூட்டலாம்.

மருந்துக்கடை:
ஒன்று விட்டுப்போச்சு. ஆள் உளற ஆரம்பித்தாலோ, கூப்பிட்டும் சரியாகப் பேசாவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். 108க்கு அடித்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு.